மாமனார் ஒளித்த ஆஸ்

என் மாமனார் ராக்கையாவிடம் மணி கேட்டால்கூட ஐந்து நிமிடம் குறைத்துத்தான் சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா, "ஏலத்தோட்டம் எத்தனைங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "பூப்பாறைப் பக்கம் ஒண்ணு கெடக்குங்க" என்று பதில். கல்யாணம் முடிந்து போய்ப் பார்த்தால் தோட்டம் இரண்டு. என் அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. அவர் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

கேட்டால் வியாபார தர்மம் என்பார். ஸ்டோரில் எத்தனை மூட்டை காய் இருக்கிறது என்று எவன் கேட்டாலும் உள்ளதைச் சொல்லக் கூடாதாம். சொன்னால் விலையை அடிப்பானாம். ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டுமாம். சரி, வியாபாரத்தில் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டதற்கு, "ஒரு பையன்" என்று சொன்னார். என் கணவர் பிரபு ஒரு பக்கமும், துபாயிலிருந்து வந்திருந்த கொழுந்தனார் மறு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அது தன்னைத்தான் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரோடு ஜோடி சேர்ந்து பிரிட்ஜ் ஆட வேண்டும் என்பது என் தலையெழுத்தாக அமைந்தது.

பிரிட்ஜை நான் போனில் கற்றேன். ஆனி பிறந்தால் மலையில் மழை விடாது. தோட்டத்து வீட்டில் கரண்டும் இருக்காது, பேச ஆளும் இருக்காது. பிரபு ஸ்டோரில் காய் உலர்த்தப் போய்விடுவார். நான் போனைத் திறந்து, முகம் தெரியாத நான்கைந்து நாட்டுக்காரர்களோடு சீட்டாடினேன். நன்றாகவே ஆடினேன். ஆனால் அங்கே என் பெயர் ரேணுகா அல்ல, ஏதோ எழுத்தும் எண்ணும். ஒரே ஒரு தடவையாவது நிஜ மேஜையில், நிஜ ஆட்டக்காரர்களுக்கு எதிரே, என் பெயரில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. கோயமுத்தூரில் வருஷா வருஷம் பெரிய போட்டி நடக்கிறது. எங்கள் ஊரான போடியின் மன்றத்துக்கு அதில் ஒரு ஜோடிக்கு இடம் உண்டு. மன்றப் போட்டியில் ஜெயிக்கிற ஜோடி போகலாம்.

மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனமகிழ் மன்றம் என்று பலகை தொங்கும். ஏலக்காய் வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் இடம். முன்பெல்லாம் ரம்மிதான். பிறகு யாரோ, பிரிட்ஜ் என்பது அந்தக் காலத்தில் மலையில் துரைமார் ஆடிய ஆட்டம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லோருக்கும் பிரிட்ஜ்தான். துரைமார் இருமி இருமிக் கூட்டாளிக்குச் சாடை காட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. இவர்கள் காட்டினார்கள். ஒரு இருமலுக்கு ஸ்பேடு, காதைச் சொறிந்தால் ஆர்ட்டின். டாக்டர் யாராவது உள்ளே நுழைந்திருந்தால் மொத்தப் பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்.

அங்கே பெண்கள் உறுப்பினராக முடியாது. உறுப்பினரின் குடும்பத்தார், அந்த உறுப்பினருக்கு ஜோடியாக மட்டும் ஆடலாம். பிரபுவுக்கு ஸ்பேடுக்கும் கிளாவருக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் கறுப்பு என்பதோடு நின்றுவிடுவார். மிச்சம் என் மாமனார்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேஜையில் நான்கு பேர். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆளுக்கொன்றாக விழும் நான்கு சீட்டு ஒரு பிடி, அதில் பெரியதைப் போட்டவருக்கு அது சொந்தம். ஆடுவதற்கு முன்னால் ஏலம். எந்த இனத்தைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று மாறி மாறி ஏற்றிச் சொல்ல வேண்டும். ஆறு என்றால் பதின்மூன்றில் பன்னிரண்டு பிடி எங்களுடையது என்று அர்த்தம். ஏழு என்றால் ஒன்று விடாமல் பதின்மூன்றும். இந்த இரண்டுக்கும்தான் ஸ்லாம் என்று பெயர். சொன்னதை எடுத்தால் புள்ளி கொட்டும். ஒரு பிடி குறைந்தாலும் தலையில் துண்டுதான்.

கூட்டாளியின் சீட்டு நம் கண்ணுக்குத் தெரியாது. ஏலத்தில் அவர் சொல்வதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆக இது அடுத்தவனை முந்துவதற்கான ஏலம் மட்டுமல்ல, எதிரே இருப்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதற்கான ஏலம். போடி வியாபாரி மண்டையில் இதை மட்டும் ஏற்ற முடியாது.

ஸ்லாமுக்குப் போகும் முன் கூட்டாளியிடம் ஒரு கேள்வி கேட்கலாம். 'நாலு நோ டிரம்ப்' என்று சொன்னால், உன் கையில் எத்தனை ஆஸ் என்று கேட்பதாக அர்த்தம். பதில் 'அஞ்சு கிளாவர்' என்றால் ஒன்றுமில்லை. 'அஞ்சு டைமன்' என்றால் ஒன்று. 'அஞ்சு ஆர்ட்டின்' என்றால் இரண்டு. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போவது என்று கேட்டவர் முடிவு செய்வார். பதில் சொன்னவருக்கு அதோடு வேலை முடிந்தது.

மன்றத்து ஆட்கள் இரண்டு பேரை எதிராளியாக வைத்து வீட்டில் ஆடிப் பழகிய முதல் நாளே மாமனாரிடம் இதைக் கேட்டேன். அஞ்சு டைமன் என்றார். ஒன்று. நான் அடக்கி ஆடினேன். சீட்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு ஆஸ்.

"மாமா, உங்க கையில ரெண்டு இருக்கு."

"இருக்கட்டும்."

"ஒண்ணுன்னு சொன்னீங்க."

"ஒண்ணை வச்சிருக்கேன்த்தா. ஆபத்துக்கு ஆகும்."

"கேட்டது நான் மாமா. உங்க கூட்டாளி."

"அந்த ரெண்டு பயலும் காதைத் தீட்டிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கான்? நீ கேட்டா நீ மட்டுமா கேக்குறே?"

இதற்குப் பதில் சொல்ல இன்னொரு ஜென்மம் வேண்டும். நான் வேறு வழியைப் பிடித்தேன். அவர் இல்லை என்றால் நிஜமாகவே இல்லாமலும் இருக்கலாம், ஒன்று இருக்கவும் கூடும். ஆனால் ஒன்று என்றால், தவறாமல் இரண்டு. மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட மாறவில்லை. இந்த ஒரு விஷயத்தில் என் மாமனாரைப் போல நம்பகமான மனிதரைப் பார்க்க முடியாது.

அரையிறுதியையும் அப்படியே தாண்டினோம். இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே வக்கீல் செழியனும் ஏலக்காய் ஏஜென்ட் வேலுச்சாமியும். செழியன் எதற்கும் விளக்கம் கேட்பார். காப்பி கொடுத்தால் சர்க்கரை போட்டதற்கு ஆதாரம் கேட்கிற ஆள். வேலுச்சாமி மாமனாருக்கு மச்சான் முறை. இரண்டு பேரும் முப்பது வருஷமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றிப் பிழைக்கிறவர்கள், அதனால் நல்ல நெருக்கம்.

இருமல் தொல்லை தாங்காமல் மன்றத்தார் மதுரையிலிருந்து ஒரு நடுவரை வரவழைத்திருந்தார்கள். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். வந்ததும் வராததுமாக ஒரு விதியைப் படித்தார்.

"கூட்டாளி சொன்ன ஏலத்துக்கு என்ன அர்த்தம்னு எதிராளி கேட்டா, உங்களுக்குத் தெரிஞ்சதை முழுக்கச் சொல்லணும். பேசி வச்சது மட்டும் இல்லை. கூட ஆடிப் பழகினதுல தெரிஞ்சுகிட்டதையும் சொல்லணும். மறைச்சா ஏமாத்து."

"கட்டாயம் சொல்லணுமா?" என்றார் செழியன்.

"கட்டாயம்."

செழியன் முகம் மலர்ந்தது. கேட்பதற்குச் சட்டமே இடம் கொடுத்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் இல்லை என்றார். இரண்டு தடவையும் ஒன்று இருந்தது. எடுத்திருக்க வேண்டிய இரண்டு ஸ்லாமும் போயின. எங்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. எங்கள் புள்ளி குறைகிறது என்பது மட்டும் புரிந்தது. "பொம்பளைப் பிள்ளையை வச்சு ஆடுனா இப்படித்தான்" என்று ஒருவர் தன் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

நடுவில் டீயும் பஜ்ஜியும் வந்தன. மாமனாரை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனேன். பிரபுவும் வந்து நின்றார், பஜ்ஜியோடு.

"மாமா, இனி ஒரு தடவை கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. இல்லாட்டி இந்த ஆட்டம் நமக்கு இல்ல."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"ஒண்ணைக் குறைக்கிறீங்க."

"குறைச்சுச் சொன்னா அது பொய்யாத்தா? கூட்டிச் சொன்னாத்தான் பொய்யி."

"மாமா."

அவர் பஜ்ஜியை மென்றார். கூட்டத்தைப் பார்த்தார். வேலுச்சாமி எங்கள் புள்ளியைக் காட்டிப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு மாமனாருக்கு வேலை செய்தது.

"சரித்தா. இனிக் கேட்டா உள்ளதைச் சொல்லிப்புடுறேன். போதுமா?"

"அப்பா சொல்லிட்டாருல்ல, சொன்னா சொன்னதுதான்" என்றார் பிரபு. முப்பத்து நாலு வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவர் இதைச் சொல்கிறார். நான் அவரிடம் இன்னொரு பஜ்ஜியைக் கொடுத்தேன், வாய்க்கு வேலை இருக்கட்டும் என்று.

கடைசிக் கை. சீட்டை விரித்துப் பார்த்தேன். ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக்கியோடு ஆறு சீட்டு. ஆர்ட்டின் ஆஸ். கிளாவர் ஆஸ், ராஜா. டைமன் ராஜா. இப்படி ஒரு கை வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது.

புள்ளிக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஆறு சொல்லி எடுத்தாலும் தோல்விதான், இருநூறு புள்ளி குறையும். ஏழு சொல்லி எடுத்தால் மட்டும் கோயமுத்தூர்.

அன்று ஏலத்தை வாயால் சொல்ல விடவில்லை. நடுவர் கொண்டுவந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். ஒரு ஸ்பேடு வைத்தேன். செழியன் பாஸ். மாமனார் மூன்று ஸ்பேடு வைத்தார். அவரிடமும் ஸ்பேடு இருக்கிறது, கையும் மோசமில்லை. வேலுச்சாமி பாஸ்.

நாலு நோ டிரம்ப் வைத்தேன். எத்தனை ஆஸ், மாமா? செழியன் பாஸ்.

மாமனார் தன் சீட்டைப் பார்த்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அட்டைப் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவி, அஞ்சு டைமனை எடுத்து வைத்தார்.

ஒன்று.

வேலுச்சாமி பாஸ் அட்டையை வைத்தார். இப்போது என் முறை.

என்னிடம் இரண்டு ஆஸ். அவரிடம் ஒன்று என்றால் மொத்தம் மூன்று. ஒன்று எதிராளியிடம். ஏழு சொன்னால் நிச்சயம் ஒரு பிடி போகும், ஆட்டமும் போகும். அவரிடம் இரண்டு என்றால் நான்கும் எங்களுடையது, ஏழு கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. வழக்கமான ராக்கையா என்றால் இது இரண்டு. டீ குடித்தபோது வாக்குக் கொடுத்த ராக்கையா என்றால் இது ஒன்று.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தும் பிரயோஜனமில்லை. நான் யோசித்தது அந்த வாக்கைப் பற்றி. 'உள்ளதைச் சொல்லிப்புடுறேன்' என்றாரே, சொல்லும்போது பஜ்ஜியில் ஒரு கடியை மிச்சம் வைத்துவிட்டுத்தான் சொன்னார். என் திருமணத்துக்குப் பட்டுப்புடவை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, ரவிக்கைத் துணியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்ட மனிதர். வாக்குக் கொடுப்பதிலும் ஒன்றைக் குறைக்காமல் இருக்க அவரால் முடியுமா? முடியாது. ஏழு.

ஆனால் கை அட்டைப் பெட்டிக்குப் போகவில்லை. ஏழை வைத்ததும் செழியன் கேட்பார். அவர் கேட்காமல் இருக்க மாட்டார். 'ஒரு ஆஸ்னு பதில் வந்துச்சு, எந்த நம்பிக்கையில ஏழு?' என்பார். சும்மா துணிந்து அடித்தேன் என்று சொல்லிவிடலாம். நடுவருக்குத் தெரியப் போவதில்லை. அப்படிச் சொல்லவில்லை என்றால் போடி ஏலக்காய் வியாபாரம் மொத்தமும் சுற்றி நிற்கும் இடத்தில், என் மாமனார் கையில் இருப்பதை மறைத்துச் சொல்கிற ஆள் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். உறுப்பினர் என்ற முறையில் அவர் சம்மதக் கையெழுத்துப் போடாமல் நான் கோயமுத்தூர் போக முடியாது, அதற்குப் பிறகு போடுவாரா? ஜெயித்தாலும் போக முடியாமல் ஆகலாம்.

பொய் சொன்னால் போகலாம். அந்த வீட்டில் ஒன்றைக் குறைத்துச் சொல்கிறவர்கள் இரண்டு பேராகிவிடுவோம், அவ்வளவுதான்.

ஏழு ஸ்பேடை எடுத்து வைத்தேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. செழியன் தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பாஸ் சொல்வதற்கு முன்னால் எதிர்பார்த்தது வந்தது.

"ஒரு விளக்கம் வேணும்மா. ராக்கையா அண்ணே வச்ச அஞ்சு டைமனுக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு ஆஸ் இருக்குன்னு அர்த்தம்."

"அவ்வளவுதானா? பழகினதுல தெரிஞ்சதையும் சொல்லணும்னு சார் சொன்னாரு."

நடுவர் என்னைப் பார்த்தார். மாமனாரும் என்னைப் பார்த்தார்.

"அர்த்தம் ஒண்ணுதான்" என்றேன். "ஆனா எங்க மாமா எப்பவும் ஒண்ணைக் குறைச்சுத்தான் சொல்வாங்க. ஒண்ணுன்னு சொன்னா ரெண்டு இருக்கும். இதுவரைக்கும் மாறினதில்ல."

செழியன் இன்னும் இருக்கிறதா என்பது போலப் பார்த்தார்.

"டீ குடிக்கிறப்போ, இனிமே உள்ளதைச் சொல்றேன்னு சொன்னாங்க" என்றேன். முழுக்கச் சொல்ல வேண்டும் என்று விதி. "அதை நான் நம்பலை."

பின்னால் யாரோ கொக்கரித்தார்கள். வேலுச்சாமி தன் சீட்டுகளால் வாயை மூடிக்கொண்டார். மாமனாரின் காது மடல் சிவந்தது. அவர் அப்போது ஏதாவது கிறுக்குத்தனமாக ஏலம் வைத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். செழியன் பாஸ். மாமனார் பாஸ் அட்டையை மேஜையில் அறைந்தார். வேலுச்சாமியும் பாஸ்.

செழியன் ஆர்ட்டின் ராஜாவை இறக்கினார். ஏழுக்கு எதிராக ஆடுகிறவர் கையில் ஆஸ் இருந்தால் அதைத்தான் முதலில் போடுவார். ஆக, அவரிடம் இல்லை. வேலுச்சாமியிடம் இருக்கலாம்.

இனி பிரிட்ஜின் இன்னொரு விதி. ஏலத்தை எடுத்தவர் மட்டும்தான் ஆடுவார். அவருடைய கூட்டாளி, தன் பதின்மூன்று சீட்டையும் எல்லோரும் பார்க்க மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். டம்மி என்று பெயர். ராக்கையா தன் சரக்கு முழுவதையும் நாலு பேர் முன்னால் விரித்துக் காட்டுவது என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மற்ற ஆட்டங்களிலேயே அழுதுகொண்டுதான் வைப்பார். இன்று எல்லார் கண்ணும் அவர் விரலில் இருந்தது.

"வெரசா வைய்யி மாப்ளே" என்றார் வேலுச்சாமி.

துருப்பை முதலில் வைப்பது முறை. ஸ்பேடு இரண்டு, மூன்று, எட்டு. நிறுத்தினார். பிறகு ஆஸ்.

அது ஒன்று.

ஆர்ட்டினில் இரண்டு சின்னச் சீட்டு. கிளாவரிலும் இரண்டு, சின்னது. கையில் மிச்சம் ஐந்து டைமன். அவற்றை ஒவ்வொன்றாகத்தான் வைத்தார். மூன்று. ஐந்து. ஏழு. ராணி. கடைசிச் சீட்டைப் பிடித்த கை மேஜைக்கு மேலே நின்றது. அவர் டீ நேரத்து வாக்கை நிஜமாகவே காப்பாற்றியிருந்தால், வாழ்க்கையில் முதல் தடவையாக யோக்கியனாக இருக்க இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தால், நான் தொலைந்தேன்.

வைத்தார். டைமன் ஆஸ்.

"பதின்மூணும் எனக்கு" என்று என் சீட்டை விரித்தேன்.

"எப்படிம்மா?" என்றார் செழியன், சும்மா இருக்க முடியாமல்.

"ஆர்ட்டினை ஆஸ் போட்டு எடுத்துட்டு, அவங்க கையில இருக்கிற துருப்பை முழுக்க இழுத்துருவேன். மூணாவது கிளாவரை டம்மியில வெட்டுவேன். மிச்ச ஆர்ட்டினை டைமன் ராணி மேல கழிச்சிருவேன்."

செழியன் விரல் விட்டு எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். பிறகு சீட்டைக் கீழே போட்டார். நடுவர் புள்ளியைக் குறித்துக்கொண்டு எனக்கு மட்டும் கை கொடுத்தார்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மன்றத்துக் கூட்டம் மொத்தமும் என் மாமனாரைச் சூழ்ந்துகொண்டது. அவமானப்படுத்த அல்ல. பாராட்ட.

"வீட்டு மருமக கேட்டும் காட்டலையே, ஆளுன்னா ஆளுய்யா" என்றார் ஒருவர்.

"ஒண்ணுதானா ஒளிச்சே மாப்ளே? நானா இருந்தா ரெண்டையும் அமுக்கியிருப்பேன்" என்றார் வேலுச்சாமி, தோற்ற வருத்தம் கொஞ்சமும் இல்லாமல்.

மாமனார் முகத்தில் சிவப்பு இறங்கி, சிரிப்பு ஏறியது. மன்றத்தின் ஒரு ஓரத்தில் நான் தனியாக உட்கார்ந்து சீட்டை அடுக்கினேன். ஊரையே வெட்கப்பட வைத்துவிடுவோம் என்று பயந்தது எவ்வளவு முட்டாள்தனம். வெட்கம் என்ற சரக்கே அங்கே இருப்பில் இல்லை.

செழியன் மட்டும் போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். "இனி நீங்க எங்க ஒளிச்சாலும் மருமக கண்டுபிடிச்சுரும்ண்ணே. ஜாக்கிரதை."

அந்த வார்த்தை மாமனாருக்குள் இறங்கிவிட்டது. ஜீப்பில் வீட்டுக்குத் திரும்பினோம். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"சபையில வச்சு என் சரக்கைச் சொல்லிட்டே."

"கேட்டாங்க மாமா. சொன்னேன்."

"கோயமுத்தூர்லயும் கேப்பானா?"

"ஒவ்வொரு மேஜையிலயும் புது ஆளுங்க. எல்லாரும் கேப்பாங்க."

"எல்லார்ட்டயும் சொல்வியா?"

"சொல்லணும்."

பின் சீட்டிலிருந்து பிரபு, "சொல்லாம இருந்துரேன் ரேணு, அப்பாவுக்குப் பிடிக்கலைன்னா" என்றார். நானும் மாமனாரும் சேர்ந்தாற்போல் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"அப்ப அந்தச் சோலியே வேணாம்" என்றார் மாமனார். "நான் வரலை. கையெழுத்தும் போடலை. முடியலைன்னு சொல்லிரு."

இதைத்தான் மேஜையிலேயே பயந்தேன். ஆனால் பயந்த விஷயம் வந்து சேர்ந்த பிறகு அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

"சரி மாமா. போக வேணாம். ஆனா நாளைக்கே வேலுச்சாமி மாமா கேப்பாங்க, ஜெயிச்சுட்டு ஏன் போகலைன்னு."

"ஒடம்பு சரியில்லைன்னு சொல்லு."

"கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன். மருமக உண்மையைச் சொல்லிருவான்னு மாமா பயந்துட்டாங்கன்னு சொல்வேன்."

ஜீப்பின் வேகம் குறைந்தது. அவர் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. ஏல மையத்தில் ஒரு லாட் காயின் விலை ஏறும்போது உதட்டை இப்படித்தான் மடித்து வைத்துக்கொள்வார். கோயமுத்தூர்க்காரர்கள் சிரித்தால் போடிக்குக் கேட்காது. வேலுச்சாமி சிரித்தால் பக்கத்து ஊரான தேவாரம் வரை கேட்கும். எது நஷ்டம் குறைவு?

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"கோயமுத்தூர்ல சாப்பாடு அவுக பொறுப்பா?"

"ஆமா மாமா."

"ரூமு?"

"அதுவும்."

"ம்."

மறுநாள் காலை சம்மதக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். ஒரு வரி விடாமல் படித்தார். ஏலக்காய்க்கு எவனோ குறைந்த விலை கேட்டதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, 'ராக்கையா' என்று கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

நான் கடிதத்தை எடுக்கவில்லை. அவர் பக்கமாகவே தள்ளினேன்.

"இனிஷியல், மாமா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். பெயருக்கு முன்னால், மிகவும் சின்னதாக, 'சே' என்று போட்டார். மை காய்வதற்குள் நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குக் கிளம்பிவிட்டேன்.